மனசாட்சி நோட்டு

ஜூன் 28

அன்புள்ள அண்ணிக்கு,

வாயாடி எழுதுகிறேன். கல்யாணமாகி வந்த முதல் வாரமே நீங்கள் எனக்கு வைத்த பெயரை இப்போது திருப்பி வாங்கிக்கொள்ளலாம். இரண்டு வாரமாக ஏழாம் வகுப்பின் முன்னால் நிற்கிறேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. கேள்வி கேட்டால் நாற்பத்திரண்டு பிள்ளைகளும் மேசையைப் பார்க்கிறார்கள். நேற்று ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டு, நானே பதில் சொல்லி, நானே "சபாஷ்" என்றும் சொல்லிக்கொண்டேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த மேற்பார்வையாளர் குனிந்து எதையோ எழுதினார். என்ன எழுதினார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பயிற்சிக் கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நம் இருவரையும் இப்படி ஆளுக்கொரு ஊராகப் பிரித்துப் போட்டிருக்க வேண்டாம். எனக்குச் சலவைக் கடை மாடியில் ஓர் அறை. காலை ஆறு மணிக்கே கீழே இஸ்திரி போடும் ஆவி தரை வழியாக ஏறி வருகிறது. பாடத் திட்டம் எழுதும் தாளெல்லாம் நமுத்துக் கிடக்கிறது.

என் ஒரே நம்பிக்கை மனசாட்சி நோட்டுதான். ("சிந்தனைக் குறிப்பேடு" என்ற அதன் முழுப் பெயரைச் சொன்னால் எனக்குத் தூக்கம் வருகிறது.) இன்று என்ன கற்பித்தேன், என்ன கற்றேன் என்று தினம் ஒரு பக்கம் எழுதி வாராவாரம் கல்லூரிக்கு அனுப்பினால் போதும், அதுவே மொத்த மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு. பயிற்சி முடிவில் சிறந்த நோட்டுக்குப் பரிசு, கல்லூரி மலரில் அச்சு. ஆசிரியை ஆகிறேனோ இல்லையோ, எழுத்து எனக்கு வரும் என்றுதான் இருந்தேன். முதல் வாரமே நம் பேராசிரியை, அதுதான் நம் "சிவப்பு மை", பத்துக்கு ஆறு போட்டு ஓரத்தில் எழுதி அனுப்பியிருக்கிறார்: "நடை அழகு. ஆனால் இதில் தவறு செய்த மனிதர் ஒருவரைக்கூடக் காணோமே?"

உங்கள் வகுப்பில் கேள்வி கேட்டால் எல்லாக் கையும் எழுகிறது என்று இங்கே வரைக்கும் பேச்சு வந்துவிட்டது. எப்படி அண்ணி? என் மேல் ஆணை, யாரிடமும் சொல்ல மாட்டேன்.

உங்கள்
வாயாடி


ஜூலை 5

வாயாடிக்கு,

கொடுத்த பெயரைத் திருப்பி வாங்கும் வழக்கம் எனக்கு இல்லை. வைத்துக்கொள்.

ரகசியம் ஒன்றும் பெரிதில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். பதில் தெரிந்தவர்கள் வலது கையைத் தூக்குங்கள், தெரியாதவர்கள் இடது கையைத் தூக்குங்கள், சும்மா மட்டும் யாரும் உட்காரக் கூடாது. மேற்பார்வையாளர் கண்ணுக்கு எல்லாக் கையும் ஒன்றுதான். நான் வலது கைக்காரர்களைப் பார்த்துக் கேட்பேன். அவர் திருப்தியாகப் போய்விடுவார்.

இது திருட்டுத்தனம் என்று நீ முகம் சுளிப்பது தெரிகிறது. பாதி அப்படித்தான். மீதிப் பாதியையும் கேள். முன் பெஞ்சில் ஒரு பெண். திக்குவாய். இரட்டை ஜடை போட்டிருப்பாள், அதனால் எனக்கு அவள் பெயரே இரட்டை ஜடை. மூன்று வருஷமாக வகுப்பில் கை தூக்கினதே இல்லையாம். இப்போது தினமும் தூக்குகிறாள். இடது கைதான், ஆனால் என்ன? பக்கத்தில் இருப்பவள் அவளை மக்கு என்று நினைக்க வழியில்லை. எனக்கும் யாருக்குத் தெரியவில்லை என்று ஒரு நொடியில் தெரிந்துவிடுகிறது. மாலையில் இடது கைக்காரர்களை மட்டும் உட்கார வைத்து இன்னொரு தடவை சொல்லித் தருகிறேன். போன வெள்ளிக்கிழமை அவள் கை பாதியில் நின்று, இறங்கி, வலது கையாக ஏறியது. நான் அவளைக் கேட்கவில்லை. அன்றைக்கு அது போதும் என்று விட்டுவிட்டேன்.

செய்துகொள். நோட்டில் மட்டும் எழுதிவைக்காதே.

என் நோட்டைப் பற்றிக் கேட்காதே. "இன்று பாடம் நன்றாக நடந்தது" என்று ஐந்து நாளும் எழுதினேன். சிவப்பு மை மூன்று மதிப்பெண் போட்டு, "இது வருகைப் பதிவேடா?" என்று கேட்டிருக்கிறார். என்ன செய்ய? நடந்தது மனசுக்குள் இருக்கிறது, பேனாவுக்கு வரமாட்டேன் என்கிறது. நீ எனக்காகச் சில பக்கம் எழுதித் தருவாயா? உன் அண்ணன் ரயிலேற்றிவிடும்போது சொன்னது உனக்கும் கேட்டிருக்கும். "ஒரு வருஷம். பாஸானா வேலைக்குப் போ. இல்லேன்னா கடைக்கு வந்துடு. இன்னொரு வருஷம்னு என்கிட்ட வந்து நிக்காதே."

உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். பாஸானால் தூரத்து ஊராகப் பார்த்துத்தான் வேலை கேட்பேன். ஆசிரியர் குடியிருப்பில் ஓர் அறை, ஒரு மேசை, பக்கத்தில் குட்டி. உன் அண்ணன் கெட்டவர் இல்லை. அடித்ததில்லை, திட்டியதும் இல்லை. ஏழு வருஷத்தில் "உனக்கு என்ன வேணும்" என்று ஒரு தடவை கேட்டதும் இல்லை. கடையின் பின்கட்டில் நின்று ஊரார் படத்துக்கெல்லாம் கண்ணாடி அறுத்துச் சட்டம் போட்டே என் வயசு போகிறது. அந்த வீட்டுக்குத் திரும்பாமல் இருக்கத்தான் இந்தப் படிப்பு. நான் பெற்ற குட்டி அத்தையிடம் இருக்கிறாள், பாட்டியைவிட்டு வரமாட்டேன் என்று இப்போதே சொல்கிறாளாம். சீக்கிரம் ஆக வேண்டும்.

அண்ணி


ஜூலை 19

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். நாற்பத்திரண்டு கை! மேற்பார்வையாளர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். போகும்போது, "நல்ல முன்னேற்றம்மா" என்றார். அவர் தெருமுனை திரும்பும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்று, பிறகு தனியாகச் சிரித்தேன்.

மாலையில் இடது கைக்காரர்களை உட்கார வைப்பது மட்டும் என்னால் முடியவில்லை. நோட்டு எழுதவே நேரம் போதவில்லை அண்ணி. அதுவும் இப்போது இரண்டு நோட்டு!

இத்துடன் பத்துப் பக்கம் வைத்திருக்கிறேன். உங்கள் கையெழுத்தில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். இரட்டை ஜடையை மூன்று பக்கத்துக்கு இழுத்திருக்கிறேன், எழுதுவதற்கு அவள் நல்ல சரக்கு. கை பாதியில் நின்று இறங்கினது இருக்கிறதே, அதை, இடது வலது என்று சொல்லாமலே, ஒரு முழுப் பக்கம் எழுதினேன். நீங்கள் கரும்பலகைப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டதாகவும் போட்டிருக்கிறேன். துடைக்காவிட்டாலும் பரவாயில்லை, படிக்க நன்றாக இருக்கும். உங்களை மாதிரி எழுத வேண்டும் என்று என் அலங்காரத்தையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு எழுதினேன். வேடிக்கை என்னவென்றால், அப்படி எழுதுவது சுலபமாக இருந்தது.

என் நோட்டுக்கு இந்த வாரமும் ஆறுதான். "தவறு செய்தவர் எங்கே?" என்று மறுபடியும் அதே கேள்வி. நான் தவறே செய்யாவிட்டால் எங்கே போய்த் தேடுவது?

வாயாடி


ஆகஸ்ட் 2

வாயாடிக்கு,

சொல்லக் கூடாது, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பத்துக்கு ஒன்பது! சிவப்பு மை ஒரு முழுப் பக்கம் எழுதியிருக்கிறார். "இந்த எழுத்தை இத்தனை நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள்? இதில் ஒரு ஆசிரியையும் இருக்கிறார், ஒரு எழுத்தாளரும் இருக்கிறார்." நானே இரண்டு தடவை படித்தேன். நான் தங்கியிருக்கும் வீட்டு நர்ஸம்மாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, "உங்களைப் பார்த்தா இப்படி எழுதுறவங்க மாதிரி தெரியலையே" என்றார். எவ்வளவு சரியாகச் சொல்லிவிட்டார் பார்.

நான் வராமல்போன சனிக்கிழமைக் கல்லூரிக் கூட்டத்தில் சிவப்பு மை என் பக்கத்தை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினாராம். பரிசு எனக்குத்தான் என்று ஒரு பேச்சு. நீயும் அங்கே இருந்தாய் என்று கேள்விப்பட்டேன். கேட்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொண்டாய்? உனக்கு இந்த வாரமும் ஆறா? என் பெயரில் எழுதினால் ஒன்பது, உன் பெயரில் எழுதினால் ஆறு. பேசாமல் நீ என்னிடம் டியூஷன் வா.

கோபித்துக்கொள்ளாதே. ஏழு வருஷத்தில் இப்போதுதான் இவ்வளவு சிரிக்கிறேன். இன்னும் செய்முறைத் தேர்வு ஒன்றுதான். அதைத் தாண்டிவிட்டால் நான் கரையேறிவிட்டேன்.

அண்ணி


ஆகஸ்ட் 9

அண்ணிக்கு,

என் சேலையைக் கட்டிக்கொண்டு என்னிடமே "நல்லாயிருக்கா?" என்று கேட்கிறீர்கள். நல்லாயிருக்கிறது. நான் நெய்த சேலை, இருக்காதா பின்னே?

அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தில் நான்காவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என் வாக்கியம் ஒவ்வொன்றும் உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு போனது. பக்கத்தில் இருந்தவள் என் கையைப் பிடித்து, "உங்க அண்ணி என்னமா எழுதுறாங்க, நீ கொஞ்சம் கத்துக்கக் கூடாதா?" என்றாள். சிரித்தேன். முகத்தை எப்படி வைத்துக்கொண்டேன் என்று கேட்டீர்கள் அல்லவா? இப்படித்தான்.

செவ்வாய்க்கிழமை என் செய்முறைத் தேர்வு முடிந்தது. வலது கை, இடது கை என்று உங்கள் வித்தையேதான். வெளியூர்த் தேர்வாளர் வாயைப் பிளந்துவிட்டார். அதற்கு நன்றி, வாங்கினதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

நேற்று ஒரு பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறேன். இதுவரை எழுதியதிலேயே அதுதான் உண்மையானது. சிவப்பு மை கேட்டுக்கொண்டே இருந்த அந்தத் தவறு கடைசியில் கிடைத்துவிட்டது. எழுதி முடித்ததும் சத்தமாக ஒரு தடவை வாசித்துப் பார்த்தேன். எழுத்தாளர் ஆவதென்றால் இதுதான் என்று தோன்றியது.

உங்கள் தேர்வு இருபத்திரண்டாம் தேதிதானே? நன்றாகச் செய்யுங்கள்.

வாயாடி


ஆகஸ்ட் 24

வியாழக்கிழமை நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். உன்னைப் போல அழகாக வராது.

காலை பத்து மணி. தேர்வாளர் வந்தார், கூடவே சிவப்பு மையும் வந்தார். அவர் வருவார் என்று யாரும் சொல்லவில்லை. வந்ததிலிருந்து என் முகத்தைப் பார்க்கவில்லை. பாடம் ஆரம்பித்தேன், முதல் கேள்வி கேட்டேன், எல்லாக் கையும் எழுந்தது. தேர்வாளர் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து நடந்து வந்து என் பக்கத்தில் நின்றார். "இடது கை தூக்குனவங்க மட்டும் எழுந்து நில்லுங்க" என்றார்.

பதினொரு பேர் எழுந்தார்கள். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டக்கூட இல்லை, எனக்குக் கழுத்து அசையவில்லை. அவர் முன் பெஞ்சைக் காட்டினார். "நீ சொல்லும்மா, பதில் என்ன?"

இரட்டை ஜடை. அவள் என்னைக் காப்பாற்றப் பார்த்தாள், வாயாடி. பதினொரு வயசுப் பெண். "எ… எ… எனக்கு…" என்று ஆரம்பித்தாள். தெரியும் என்று சொல்ல வந்தாள். அந்த ஒரு சொல் வரவில்லை. அவர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். வகுப்பு முழுக்கக் காத்திருந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். நான் "போதும் சார்" என்றேன். "நீங்க பேசாதீங்க" என்றார். அவள் நின்றபடியே பாவாடையை நனைத்துவிட்டாள். பெஞ்சின் கீழே தண்ணீர் ஓடியதை எல்லாரும் பார்த்தார்கள்.

மறுநாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா கதவைப் பாதி திறந்து, "போதும் டீச்சர், நீங்க பண்ணினது போதும்" என்று சாத்திவிட்டார்.

ஆசிரியர் அறையில் சிவப்பு மை ஒரு பக்கத்தை மேசை மேல் வைத்தார். உன் கையெழுத்தை எனக்குத் தெரியாதா? "என் உறவில் ஒருத்தி, என்னோடு பயிற்சி பெறுகிறவள், தெரியாத பிள்ளைக்கு இடது கையைப் பழக்கி வைத்திருக்கிறாள். எனக்கும் சொல்லித் தந்தாள். அந்த வித்தையை நான் என் வகுப்பு வாசலில் நுழையவிடவில்லை. ஆனால் அவளைத் தடுக்காமல் இருந்தேனே, அதுதான் என் தவறு."

நுழையவிடவில்லையா?

செய்முறையில் எனக்குச் சுழி. அடுத்த வருஷம் முதலிலிருந்து செய்யலாம் என்கிறார்கள். அடுத்த வருஷம் என்று ஒன்று எனக்கு இல்லை என்பது உனக்குத் தெரியும்.

அண்ணி


ஆகஸ்ட் 28

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். அழுதேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், சொல்லிவைக்கிறேன்.

நான் உங்கள் பெயரை எழுதவில்லை. எங்கேயும் எழுதவில்லை. "உறவில் ஒருத்தி" என்றால் கல்லூரியில் நமக்குத் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று யோசித்திருக்கலாம், யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் அந்தப் பக்கத்தை எழுதியிருக்க முடியாது. எழுதும்போது பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தால் எழுத்து எங்கே வரும்?

"நுழையவிடவில்லை" என்ற வரியைக் கேட்கிறீர்கள். நானும் செய்தேன் என்று எழுதினால் அது வெறும் ஒப்புதல் வாக்குமூலம். செய்யாமல் நின்று பார்த்தேன் என்றால்தான் அதில் ஒரு மனப் போராட்டம் இருக்கிறது. அந்த இடத்துக்கு அந்த வரி தேவைப்பட்டது. கரும்பலகைப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தீர்களே, அதை நீங்களும்தானே பிரதி எடுத்தீர்கள்? அப்போது "இது நடக்கவில்லை" என்று அடித்துவிட்டு அனுப்பினீர்களா?

ஒன்பது வாங்கியபோது சிரித்தீர்கள். "என்னிடம் டியூஷன் வா" என்று எழுதினீர்கள். அந்த ஒன்பது என்னுடையது அண்ணி. எனக்கு வந்திருக்க வேண்டியது. நான் திருப்பி எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான். நீங்கள் விழுந்தது என் கை பட்டுத்தான் என்றாலும், வழுக்குகிற இடத்தில் போய் நின்றது நீங்கள்.

அந்தப் பெண்ணுக்காக வருத்தப்படுகிறேன். ஆனால் அவளை நிறுத்தி வைத்தது தேர்வாளர்தானே, நானில்லையே.

இன்னொன்று. வேறு யாரும் சொல்லிக் கேட்பதைவிட நானே சொல்கிறேன். பரிசு எனக்குத்தான்.

வாயாடி


செப்டம்பர் 2

வாயாடிக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தால் கெட்ட வார்த்தைதான் வருகிறது. அதனால் வேண்டியதை மட்டும் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 9-ஆம் தேதி நீ எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. "உங்கள் வித்தையேதான்" என்று உன் கையால் எழுதியிருக்கிறாய். நீ எழுதித் தந்த பத்துப் பக்கமும் இருக்கிறது. சிவப்பு மைக்கு அனுப்பினால் நீயும் சுழி, உன் பரிசும் சுழி. உறையில் போட்டு முகவரியும் எழுதிவிட்டேன். தபால் பெட்டிவரை இரண்டு தடவை போய்த் திரும்பினேன். உன் மேல் இரக்கம் என்று நினைத்துக்கொள்ளாதே. நீ விழுந்தால் எனக்கு என்ன கிடைக்கும் என்று கணக்குப் பார்த்தேன், ஒன்றும் கிடைக்காது.

எனக்கு இன்னும் ஒரு வருஷம் வேண்டும். நான் கேட்டால் உன் அண்ணன் தர மாட்டார். நீ கேட்டால் தருவார். நான் வந்த நாளிலிருந்து நீ கேட்டு அவர் இல்லை என்று சொன்னதை நான் பார்த்ததில்லை. அவருக்கு ஒரு கடிதம் எழுது. எல்லாருக்கும் எழுதித் தருகிறாயே, எனக்காக இதை எழுது. தவறு சின்னது, அடுத்த தடவை நிச்சயம் பாஸாகிவிடுவாள், இன்னும் ஒரு வருஷம் விடு என்று நாலு வரி போதும். நாலே வரி. ஐந்தாவது எழுதாதே.

அது போய்ச் சேர்ந்ததும் உன் கடிதங்களை உனக்கே அனுப்பிவிடுகிறேன்.

அண்ணி


செப்டம்பர் 7

அன்புள்ள அண்ணிக்கு,

எழுதிவிட்டேன். நீங்கள் நம்ப வேண்டும் என்பதற்காக இத்துடன் பிரதி வைத்திருக்கிறேன். நாலு வரியில் நிற்க முடியவில்லை. நாலு வரிக்கெல்லாம் அண்ணன் மசிகிற ஆளா? அவன் மனசைத் தொட வேண்டாமா? முக்கியமான இடம் இதுதான்:

"அண்ணா, அண்ணி ஏன் படிக்கிறார் என்று நீ ஒருநாளாவது யோசித்தாயா? சம்பளத்துக்கு இல்லை. தூரத்து ஊரில் ஓர் அறை, ஒரு மேசை, பக்கத்தில் குட்டி, இதுதான் அண்ணியின் கனவு. அந்த அறையில் நீ இல்லை. 'உனக்கு என்ன வேணும்' என்று ஏழு வருஷமாக நீ கேட்காத கேள்விக்கு அண்ணி தானே தேடிக்கொண்ட பதில் அது. உன் கடையில் கண்ணாடி அறுத்து அறுத்துத் தேய்ந்துபோன ஒரு பெண், உன் வீட்டுக்குத் திரும்பாமல் இருக்கத்தான் இரவும் பகலும் படிக்கிறாள். அவளுக்கு இன்னும் ஒரு வருஷம் கொடு."

மூன்று தடவை படித்துப் பார்த்தேன், ஒரு சொல்லைக்கூட மாற்றத் தோன்றவில்லை. அண்ணனால் இதைத் தாங்க முடியாது. கட்டாயம் மனசு மாறுவான்.

கடிதங்களை அனுப்பிவிடுங்கள்.

உங்கள்
வாயாடி


அக்டோபர் 20

அன்புள்ள அண்ணிக்கு,

இது நான்காவது கடிதம். ஒன்றுக்கும் பதிலில்லை. அண்ணனிடம் தொலைபேசியில் கேட்டால், "வீட்லதான் இருக்கா, நல்லா இருக்கா" என்று வைத்துவிடுகிறான். அம்மாவிடம் உங்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே குட்டிக்குப் பல் விழுந்ததைச் சொல்கிறாள்.

நான் நல்லதுக்குத்தான் எழுதினேன். சத்தியமாக. அது இப்படித் திரும்பும் என்று யாருக்குத் தெரியும்? அண்ணனைப் பற்றி என்னைவிட உங்களுக்குத் தெரியுமே, முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா?

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. நீங்கள் பயிற்சி செய்த அதே பள்ளிக்கூடம், அதே ஆறாம் வகுப்பு. இரட்டை ஜடை திரும்ப வந்துவிட்டாள். கடைசி பெஞ்சில் உட்காருகிறாள், யாரோடும் பேசுவதில்லை. முடியை வெட்டிவிட்டார்கள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் உங்கள் ஞாபகம் வருகிறது. அவளை வைத்துக் கொஞ்சம் பெரிதாக ஒன்று எழுதலாம் என்று இருக்கிறேன். மலரில் வந்த பக்கத்தைப் படித்த ஒரு பத்திரிகைக்காரர் கேட்டிருக்கிறார். உங்களையும் அதில் நல்லபடியாகக் காட்டுவேன்.

ஆனால் நீங்கள் என்னை மன்னித்தேன் என்று ஒரு வரி எழுதாவிட்டால் எனக்குப் பேனா ஓடாது. ஒரு வரி போதும் அண்ணி.

வாயாடி


அக்டோபர் 30

வாயாடிக்கு,

உன் நாலு கடிதமும் வந்தன. என் பெயருக்கு வரும் தபாலையெல்லாம் இப்போது உன் அண்ணன்தான் முதலில் பிரிக்கிறார். இதையும் படித்துவிட்டுத்தான் உறையில் போடுவார். படிக்கட்டும், ஒளித்து வைக்க என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

நீ அவருக்கு எழுதிய கடிதம் வந்த அன்று நான் அங்கே நர்ஸம்மா வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையில் வாசலில் வந்து நின்றார். அவர் சத்தம் போடவில்லை. உன் கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை எனக்கு வாசித்துக் காட்டினார். நர்ஸம்மாவும் கேட்டார். வாசித்து முடித்து, "இது நீ சொன்னதுதானா?" என்றார். ஆமாம் என்றேன். "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். வாயாடி, ஏழு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டார்.  "தூரத்து ஊர்ல ரூம் வேணும்னா எடுத்துக்கோ. குட்டி என் பிள்ளை. அவ எங்கேயும் வரமாட்டா. இப்ப சொல்லு, உனக்கு என்ன வேணும்?" என்றார்.

அரை மணியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு அவரோடு வந்துவிட்டேன்.

உன் கடிதங்களை அவரிடம் காட்டினேன். நீயும் அதையேதான் செய்தாய், என் பக்கங்களை எழுதியதும் நீதான் என்று தெரியட்டுமே என்று காட்டினேன். நிதானமாக எல்லாவற்றையும் படித்தார். "அவ சின்னப் பொண்ணு. அவ வாழ்க்கையையும் கெடுக்கப் பாக்கறியா?" என்று சொல்லி ஒவ்வொன்றாகக் கிழித்தார். அத்தை விளக்குமாறு கொண்டுவந்து அள்ளினார். இனி நீ பயப்பட வேண்டாம், நிம்மதியாக இரு.

உன் பரிசுப் பத்திரத்தை அத்தை கடைக்குக் கொடுத்தனுப்பியிருந்தார். அதற்குக் கண்ணாடி அறுத்துச் சட்டம் போட்டது நான்தான். கடை முகப்பிலேயே மாட்டியிருக்கிறார்கள். வருகிற ஆட்கள் படித்துவிட்டு, "உங்க நாத்தனாரா? பெருமைதான்" என்கிறார்கள். நான் ஆமாம் என்கிறேன்.

குட்டி என்னிடம் இன்னும் சரியாக ஒட்டவில்லை. நான் கூப்பிட்டால் அத்தை முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறாள்.

அந்தப் பெண்ணைப் பற்றி எழுதாதே. எழுதத்தான் போகிறாய், தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். அவளைக் கடைசி பெஞ்சிலிருந்து எழுப்பி எதையும் கேட்காதே. மாலையில் எல்லாரும் போனபிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்து புத்தகத்தைத் திற. அவள் வாய் திறக்க இரண்டு மாசமாகலாம். அந்த இரண்டு மாசமும் உன் நோட்டில் எழுத ஒன்றும் இருக்காது. முடியுமா உன்னால்?

என்னிடம் மன்னிப்பு கேட்டிருக்கிறாய், ஒரு வரி போதும் என்கிறாய். அதையும் நீயே எழுதிக்கொள். என் பெயரில் எழுதும்போது உனக்கு ஒன்பதுக்குக் குறைந்ததில்லை. இந்தத் தடவை நான் பிரதி எடுக்க மாட்டேன்.

அண்ணி